எண், தோல், மூச்சு: விரல்நுனி வாசிப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

2021 மே மாதம். சித்திக்குக் காய்ச்சல் தொடங்கி ஆறாவது நாள். திருவட்டாற்றைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் முப்பது வருஷமாகப் பால்வெட்டுகிறவள். விடிவதற்கு முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். அன்று திண்ணையிலிருந்து கிணற்றடிவரை போவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் சித்தியின் விரலில் கிளிப்பை மாட்டினார். 95.

'தொண்ணூத்தஞ்சு இருக்கு. தொண்ணூத்துநாலுக்குக் கீழே போனாத்தான் பெட். வீட்டுக்குக் கொண்டுபோங்க.'

சித்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: 'எனக்கு மூச்சு முட்டுது மக்ளே. அந்தப் பெட்டிக்கு முட்டல்ல, எனக்குத்தான் முட்டுது.'

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான். ஒரு பிரதிக்கு ஒற்றை அர்த்தம் கிடையாது, வாசிப்பு என்பதே ஓர் அதிகாரச் செயல்பாடு என்றெல்லாம் பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற ஆள், அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் கேள்வியே இல்லாமல் நம்பினேன். 'ஒண்ணும் இல்ல சித்தி, பயத்துல வர்றதுதான்' என்று சொல்லித் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரவு முழுக்க அவள் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரி. அங்கிருந்த நர்ஸ் கிளிப்பை எடுப்பதற்கு முன்னால் சித்தியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் கடிகாரத்தில் எண்ணினார். 32 மூச்சு. பிறகு கிளிப்: 93. டாக்டர் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதில் 87. ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே உடம்பு, இரண்டு எண்கள். படுக்கை கிடைத்தது, ஆக்ஸிஜன் கிடைத்தது, பதினோரு நாள் கழித்துச் சித்தி வீடு வந்தாள்.

93க்கும் 87க்கும் நடுவில் இருக்கும் ஆறு புள்ளிகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. மருத்துவம் படித்தவனல்ல நான். ஆனால் வாசிப்பு என்பது என் தொழில். ஆங்கிலத்தில் இந்தக் கருவி காட்டும் எண்ணுக்கும் 'வாசிப்பு' என்றுதான் பெயர் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

2

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபினையும் நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு வள்ளம் என்று வைத்துக்கொள்ளலாம். நுரையீரல் துறையில் ஆக்ஸிஜன் ஏறுகிறது, உடம்பின் மற்ற துறைகளில் இறங்குகிறது. தமனியில் போய்க்கொண்டிருக்கும் வள்ளங்களின் மொத்த இருக்கைகளில் நூற்றுக்கு எத்தனையில் ஆள் இருக்கிறது என்பதுதான் அந்த எண். 95 என்றால் நூறு இருக்கையில் தொண்ணூற்றைந்து நிறைந்திருக்கிறது. அவ்வளவுதான். எத்தனை வள்ளம் ஓடுகிறது என்று அது சொல்லாது. இந்த மௌனத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடல்மட்டத்தை ஒட்டி வாழும், நுரையீரல் நோய் இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவாக 95க்கு மேல் இருக்கும். 91 முதல் 94 வரை என்றால் டாக்டரிடம் பேச வேண்டிய இடம். 90ம் அதற்குக் கீழும் அவசரம். பரீட்சையில் மார்க் வாங்கிப் பழகிய சமூகம் நம்முடையது. தொண்ணூறு என்றால் நல்ல மார்க் என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்கிறது. இங்கே அப்படியல்ல.

ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் சாதாரணமாக 100 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். அப்போது எண் 97, 98. அழுத்தம் 60க்கு இறங்கும்போதுகூட எண் 90தான் காட்டும். அதாவது அழுத்தத்தில் நாற்பது சதவீதம் போய்விட்ட பிறகும் எண்ணில் ஏழெட்டுதான் குறைந்திருக்கிறது. 90க்குக் கீழே இது தலைகீழாகிறது: அழுத்தம் 40க்கு இறங்கினால் எண் 75. மலைமேல் சமதளமாகப் போய்க்கொண்டிருக்கிற ரோடு திடீரென்று சரிவில் விழுவது போல. சமதளத்தில் நடக்கிறவனுக்குச் சரிவு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஆகவே 94, 92 என்பவை 'கொஞ்சம் குறைவு' அல்ல. விளிம்பை நெருங்குகிறோம் என்பதற்கான குறிகள்.

3

ரத்தம் எடுக்காமல், விரலைக் கவ்விக்கொண்டு இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒளியால். கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் புறப்படுகின்றன. ஒன்று சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் கடந்துபோக விடும். ஏறாதது சிவப்பை விழுங்கும். மறுபக்கம் வந்துசேரும் இரண்டு ஒளிகளின் விகிதத்தை வைத்துக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாமே ஒளியைத் தின்கின்றன. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டகுவோ அயோயாகி. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைக் காது மடலில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றுகொண்டிருந்தார் அவர். நாடித்துடிப்பு அளவீட்டில் அலையலையாகக் குறுக்கிட்டுத் தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையை நீக்கும் முயற்சியில்தான் அதுவே செய்தி என்று கண்டுகொண்டார். துடிக்கிறது தமனி ரத்தம் மட்டும்தான். தோலும் எலும்பும் துடிப்பதில்லை. துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். 1974ல் இதை வெளியிட்டார். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டது மையமான குறியாக மாறிய அபூர்வமான தருணம் இது. அவர் இறந்தது 2020 ஏப்ரலில். உலகம் முழுவதும் தன் விரலை அவருடைய கருவிக்குள் நுழைக்கத் தொடங்கிய அதே மாதங்கள்.

ஆனால், துடிக்காத தோல் கணக்கிலிருந்து முழுவதுமாக வெளியேறிவிட்டதா? கொள்கையளவில் ஆம். நடைமுறையில் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்குகிறது, அதுவும் சிவப்பை அகச்சிவப்பைவிட அதிகமாக. அது விட்டுச்செல்லும் தடம் விகிதத்தில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

இன்னொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது. விகிதத்தை எண்ணாக மாற்றும் அட்டவணை இயற்கையிலிருந்து நேராக வந்தது அல்ல. ஆரோக்கியமான தொண்டர்களைக் குறைந்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்கவைத்து, அவர்கள் தமனி ரத்தத்தையும் கிளிப்பின் விகிதத்தையும் ஒப்பிட்டு உண்டாக்கியது. யார் அந்தத் தொண்டர்கள்? நீண்ட காலம் பெரும்பாலும் வெளுத்த தோல்காரர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூடக் கேட்டது இவ்வளவுதான்: சோதனைக்குக் குறைந்தது பத்துப் பேர், அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது பதினைந்து சதவீதம், இதில் எது அதிகமோ அது. பத்தில் இரண்டு பேர். நம்மூர்ச் சந்தையில் நின்று எண்ணிப் பாருங்கள், யார் பெரும்பான்மை என்று. கருவிக்குள் நாம் விதிவிலக்கு.

'இயல்பு' என்று ஒரு உடம்பை வைத்துக்கொண்டு மற்ற உடம்புகளை அதிலிருந்து விலகியவையாக வாசிப்பது பற்றி இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். அது மொழியில், சட்டத்தில், இலக்கிய வரலாற்றில் நடப்பதாகப் பேசியிருக்கிறோம். ஒரு பேட்டரிக் கருவியின் உள்ளே ஓர் அட்டவணையாகவும் அது உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

4

இது புதிதாகத் தெரியவந்த உண்மையா? இல்லை. 1990லேயே ஜுப்ரான், டோபின் என்ற இரண்டு மருத்துவர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். வெள்ளை நோயாளிகளுக்குக் கிளிப்பில் 92ஐ இலக்காக வைத்தால் போதுமானதாக இருந்தது; கறுப்பின நோயாளிகளுக்கு 95 தேவைப்பட்டது. அந்தக் கட்டுரை மருத்துவ நூலகங்களில் கிடந்தது. முப்பது வருஷம் கிடந்தது.

மறுபடி அதை எழுப்பியது ஒரு மருத்துவர்கூட அல்ல. ஏமி மோரன்-தாமஸ் என்ற மானிடவியலாளர், வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்தபோது இந்தக் கருவியை வாங்கி, இது எப்படி வேலைசெய்கிறது என்று துருவத் தொடங்கி, 2020 ஆகஸ்டில் 'பாஸ்டன் ரிவ்யூ' என்ற கருத்துப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்களிடம் ஏற்கனவே இருந்த பதிவுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். 2020 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கிளிப்பில் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். மூன்று மடங்கு. சிறுபத்திரிகைக் கட்டுரையால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கிற நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2022ல் அமெரிக்காவில் கொரோனா நோயாளிகளிடம் செய்த இன்னோர் ஆய்வில், வெள்ளையர்களோடு ஒப்பிடும்போது கிளிப் கூடுதலாகக் காட்டியது கறுப்பினத்தவரிடம் சராசரியாக 1.2 புள்ளி, ஆசியர்களிடம் 1.7 புள்ளி. 'ஆசியர்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் டோக்கியோத் தோலும் திருவட்டாற்றுத் தோலும் ஒன்றாகக் கிடக்கின்றன. இனம் என்பது தோலின் நிறமல்ல. தோலை அளக்காமல் இனத்தை எழுதிவைப்பதும் ஒரு பிழையான வாசிப்பே.

ஒரு எச்சரிக்கை. சித்தியின் ஆறு புள்ளிகள் தோலால்தான் வந்தன என்று ஒரே ஒரு சம்பவத்தை வைத்து நான் சொல்ல முடியாது. விரல் குளிர்ந்திருக்கலாம், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், மலிவான கருவியாக இருக்கலாம். நல்ல கருவிக்கே இரண்டு மூன்று புள்ளி முன்பின் உண்டு. தோலின் பங்கு ஆயிரக்கணக்கான வாசிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஆனால் வாசலில் 94 என்று ஒரு கோடு கிழித்துவிட்டால், சராசரியில் ஒன்றிரண்டு புள்ளி என்பது யாரோ ஒருத்தி கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதாகிவிடுகிறது.

இதில் வேடிக்கை, அந்தக் கோடுகூட எண்ணை மட்டும் வைத்துக் கிழிக்கப்பட்டதல்ல. 2021 ஏப்ரலில் மத்திய அரசின் நிபுணர்கள் வெளியிட்ட வழிமுறையில் நடுத்தர நோய்க்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன: எண் 90 முதல் 93 வரை, *அல்லது* நிமிஷத்துக்கு 24 மூச்சு அல்லது அதற்கு மேல். இரண்டில் ஒன்று போதும். மூச்சை எண்ண ஒரு கடிகாரமும் ஒரு நிமிஷப் பொறுமையும் வேண்டும். அந்த நெரிசலில் அந்த ஒரு நிமிஷத்தைக் கருவி விழுங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். எண் இருந்தால் பார்க்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை என்று நம்மையெல்லாம் பழக்கிவைத்திருக்கிற ஏற்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

5

எண்ணின் மற்ற மௌனங்கள்.

ஒன்று, ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். நூறு மில்லி ரத்தத்தில் 14 கிராம் இருப்பவருக்கும் 7 கிராம் இருப்பவருக்கும் கிளிப் 98 என்றே காட்டலாம். ஆனால் முதலாமவர் ரத்தத்தில் 18 மில்லிலிட்டருக்கு மேல், இரண்டாமவர் ரத்தத்தில் அதில் பாதி. வள்ளங்கள் நிறைந்துதான் இருக்கின்றன, வள்ளமே பாதிதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் இந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

இரண்டு, நீலம். ஆக்ஸிஜன் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும் என்பது பாடப்புத்தகம். கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதோடு நீலம் தெரிய வேண்டுமானால் நூறு மில்லி ரத்தத்தில் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் காலியாக இருக்க வேண்டும். மொத்தமே 7 கிராம் உள்ளவளுக்கு நீலம் வரும்வரை காத்திருந்தால் காத்திருந்ததுதான் மிச்சம்.

மூன்று, புகை. கார்பன் மோனாக்ஸைடு ஹீமோகுளோபினின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்காது. சாதாரணக் கிளிப்புக்கு அதற்கும் ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. இருக்கை நிறைந்திருக்கிறது என்றே எழுதும். மூடிய அறைக்குள் கரி அடுப்போ ஜெனரேட்டரோ எரிந்து மயங்கியவருக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குள் சிக்கியவருக்கும் 99 காட்டினால் அதை நம்பக்கூடாது. உடனே வெளிக்காற்று, உடனே ஆஸ்பத்திரி.

நான்கு, எதிர்த்திசையில் ஒன்று. மூச்சுமுட்டல் என்ற உணர்வை உண்டாக்குவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவு அல்ல; கரியமிலவாயு சேர்வதும் நுரையீரல் விறைப்பதும்தான். ஆகவே எண் 80ல் இருக்கும்போதும் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொரோனா காலத்தில் இதைப் பார்த்தோம். இவர்களுடைய உடம்பு சொல்லாததைக் கிளிப்தான் சொன்னது. பல உயிர்கள் அதனால் மிஞ்சின. 'எண் அதிகாரம், அனுபவமே உண்மை' என்று இந்தக் கட்டுரையை யாராவது வாசித்தால் அது என் வாசிப்பல்ல. கருவி வேண்டாம் என்பதல்ல வாதம். கருவி ஒரு சாட்சி. நீதிபதி அல்ல.

6

அப்படியானால் எப்படி வாசிப்பது? எனக்குச் சொல்லித்தந்தவர்களிடமிருந்து கற்றதை வரிசையாகத் தருகிறேன். இயக்கங்களில் இருப்பவர்கள், மலையோரக் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிஷம் உட்காரவைத்த பிறகு மாட்டுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சையும் அடர்ந்த மருதாணியையும் தவிர்த்த விரல் நல்லது. மாட்டியவுடன் வரும் எண்ணை எடுக்காமல் ஒரு நிமிஷம் பொறுத்து, நிலைத்து நிற்கும் எண்ணை எடுங்கள். கூடவே காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் துடிப்போடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த எண்ணே செல்லாது.

ஒற்றை எண்ணைவிடத் தொடர்ச்சி முக்கியம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருதரம் எடுத்துக் குறித்துவையுங்கள். நேற்று 98, இன்று 94 என்றால், 94 எந்தக் கோட்டுக்கு மேலே என்பதல்ல கேள்வி, நாலு எங்கே போயிற்று என்பதுதான். உட்கார்ந்திருக்கும்போது 95க்கு மேல் இருந்து, மூச்சுத்திணறலும் இல்லாதவரை வீட்டுக்குள் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று நான்கு புள்ளி விழுந்தால் அது செய்தி. ஏற்கனவே திணறுகிறவரை நடக்கவைக்கக் கூடாது.

மூச்சை எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல், முழு ஒரு நிமிஷம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24ஐத் தொட்டால் எண் என்ன சொன்னாலும் டாக்டர். 30க்கு மேல் அவசரம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போவது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி எல்லாமே அப்படித்தான். கறுத்த தோல் உள்ளவருக்கு 92 முதல் 95 வரை காட்டி, அவரும் முட்டுகிறது என்றால், தமனி ரத்தச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு மட்டும் டாக்டர்கள் 88 முதல் 92 வரையே இலக்காக வைப்பார்கள். அவர்களுக்கு நாமாகவே ஆக்ஸிஜனைக் கூட்டிவைப்பது ஆபத்து.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. கேட்க வேண்டியவை வேறு. 2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டது: பத்துப் பேருக்குப் பதிலாக நூற்றைம்பதோ அதற்கு மேலோ, தோலின் நிறத்தை அளந்து தேர்ந்தவர்களிடம் சோதிக்க வேண்டும் என்று. இங்கே அரசு கருவிகளை மொத்தமாக வாங்கும்போது, எந்தத் தோலில் சோதித்தது என்ற கேள்வி டெண்டரில் இடம்பெற வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் தமனி ரத்தச் சோதனை வேண்டும். வாசல் மேசையில் கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் வேண்டும். மூன்றும் நடக்காத காரியங்கள் அல்ல.

சித்தி இப்போது முன்புபோல் எல்லா மரத்துக்கும் போவதில்லை, பாதிதான் வெட்டுகிறாள். மார்த்தாண்டத்தில் நான் வாங்கிக்கொடுத்த கிளிப் அலமாரியில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு இளைப்பு வந்தபோது அதை எடுத்துக்கொண்டு போனாள். 96 காட்டியது. கிழவரின் மகன் 'அப்பம் கொழப்பமில்ல' என்றான். சித்தி அவனிடம் செல்போனை நீட்டிச் சொன்னாளாம்: 'இதுல மணி பாத்துக்கிட்டு அவருக்க மூச்ச எண்ணுடே. பெறவு சொல்லு.'

அவன் எண்ணினான். 28. ஜீப் வரவழைத்துக் கொண்டுபோனார்கள்.